நான்கு பொட்டலம் கொடுத்துவிட்டிருக்கிறேன்

அன்பு மகளுக்கு,

தம்பியோடு படித்த பையன் அடுத்த கிழமை லண்டன் வருகிறான். அவன் பேக்கில் இடம் கேட்டு நான்கு பொட்டலம் தேயிலை கொடுத்துவிட்டிருக்கிறேன். உன் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருவான், அவன் வரும் நேரத்தில் வீட்டில் இரு, கதவைத் திற. அம்மா வழக்கம்போல முறுக்கும் மிளகாய்த்தூளும் சேர்த்துத் திணித்துவிட்டாள், பாரம் கூடிவிட்டது என்று அவளோடு சண்டை பிடித்தேன், கேட்கவில்லை.

போன மாதம் அம்மாவிடம் போனில் பேசும்போது "தேத்தண்ணி எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்மா, ஒன்றும் ருசி தெரியல" என்று சொன்னாயாம். அம்மா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்த ஊர்த் தண்ணீர் அப்படி, பால் அப்படி என்று அவளே காரணம் சொல்லி முடித்துவிட்டாள். எனக்கு அப்படி விட முடியவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் சரி. சின்னப் பிள்ளையாகத் தேயிலை அரைக்கிற ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டே "அப்பா, கருகல் வாசம் வருது" என்று சொன்னவள் நீ, நான் உள்ளே போய்ப் பார்த்தால் இலை காயவைக்கிற டிரையரில் உண்மையாகவே சூடு கூடிப்போயிருந்தது. லீவு நாட்களில் டேஸ்டிங் ரூமில் தோட்டத்துத் துரையே உன்னைக் கூப்பிட்டு, இந்தக் கோப்பைகளில் நேற்றைய இன்வொய்ஸ் தேயிலை எது என்று கேட்பார், நீ மோந்து பார்த்தே காட்டுவாய். அந்த மூக்குக்கு எல்லாம் ஒரே மாதிரி என்றால் நான் எப்படிச் சும்மா இருப்பது?

முதலில் தண்ணீரைப் பார்த்துவிடுவோம். லண்டன் தண்ணீர் கடினமான தண்ணீர், சுண்ணாம்பு கூட. உன் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா பார். அந்தத் தண்ணீரில் போட்டால் சாயத்தின் மேல் மெல்லிய ஆடை மாதிரி ஒன்று மிதக்கும், நிறம் மங்கும், வாசமும் செத்துவிடும். ஹட்டனில் மலைத்தண்ணீரில் குடித்து வளர்ந்த நாக்குக்கு அது ஒன்றும் தராது. ஆகவே பில்டர் ஜக் ஒன்று வாங்கு, இல்லாவிட்டால் சுண்ணாம்பு குறைந்த போத்தல் தண்ணீர். ஒருமுறை கொதித்து ஆறிக்கிடந்த தண்ணீரையே திரும்பக் கொதிக்கவைக்காதே, புதிதாகப் பிடி. அங்கே டீ பேக்கைப் பாலிலேயே போட்டு மைக்ரோவேவில் சூடாக்கிக் குடிப்பதாகத் தம்பி சொன்னான். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. எந்த வீட்டுப் பிள்ளை நீ? சரி, கோபத்தை விடு, தண்ணீரை மாற்று.

நான்கையும் ஒரே நேரத்தில் ஊற்றிப் பார்க்க வேண்டும், ஒரு நாளுக்கு ஒன்று என்று குடித்தால் வித்தியாசம் பிடிபடாது. கரண்டியால் அளக்காதே. நிறுத்துப் போடு. நீளமான இலை கரண்டியில் குவிந்து நிற்கும், ஆனால் நிறை குறைவு. சின்ன இலை அடைந்து உட்காரும், நிறை கூட. கரண்டிக் கணக்கில் போட்டால் போட்டி நியாயமாக இருக்காது. 100 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 2 கிராம், நன்றாகக் கொதித்த தண்ணீர், மூடி வைத்து 6 நிமிடம். குடிப்பதற்கு என்றால் 3 நிமிடம் போதும், ஆனால் பரீட்சிப்பதற்கு 6. அவ்வளவு நேரம் விட்டால்தான் தேயிலையின் குறை வெளியே வரும். பால் முதலில் வேண்டாம். சாப்பிட்டுவிட்டுச் செய், வெறும் வயிற்றில் 6 நிமிடச் சாயம் குடித்தால் வயிறு புரட்டும். சாப்பிட்டுவிட்டு என்று சொன்னது பிஸ்கட் இல்லை, சோறு.

குடிக்கும் முறை உனக்குத் தெரியும். சத்தம் போட்டு உறிஞ்ச வேண்டும். சின்ன வயதில் அதைப் பார்த்து நீ சிரிப்பாய், பிறகு நீயும் அப்படியே உறிஞ்சுவாய், அப்பாயி அது என்ன பொம்பளைப் பிள்ளைக்குப் பழக்கம் என்று ஏசுவார். நாக்கு சொல்வது கொஞ்சம்தான்: கசப்பு, துவர்ப்பு, இனிப்பு. மற்றதெல்லாம் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகிற வாசம். காற்றோடு உறிஞ்சினால்தான் அது தெறித்து மேலே போகும். ஆகவே யாராவது பார்ப்பார்களே என்று நினைக்காதே, உறிஞ்சு. குடிக்கும் முன்னால் வடித்த இலையை மூடியில் கவிழ்த்து வைத்து மோந்து பார், நிறத்தையும் பார். செம்பு நிறமாகப் பளிச்சென்று இருந்தால் நல்ல வேலை நடந்திருக்கிறது, பச்சையாகவோ மங்கலாகவோ இருந்தால் இலையை உருட்டுகிற ரோலிங்கிலோ புளிக்கவைத்ததிலோ குறை.

முதல் பொட்டலம் நுவரெலியா. 6,000 அடி உயரம், இரவுக் குளிர், கொழுந்து மெதுவாகத்தான் வளரும். சாயம் வெளிறித்தான் இருக்கும், அதைப் பார்த்துத் தேயிலை குறைவாகப் போட்டுவிட்டேனோ என்று நினைக்காதே. பூவாசம் போல ஒன்று மேலே வரும், எலுமிச்சைத் தோலின் சாயலும் இருக்கும். உன் ஊர்த் தண்ணீரில் முதலில் சாகப்போவது இதுதான், பில்டர் தண்ணீர் கட்டாயம்.

இரண்டாவது நம்முடையது, திம்புள்ள. பெப்ரவரி மாதத்து பிஓபி, சின்ன இலை ரகம். ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் பகலில் வெயிலும் காய்ந்த காற்றும் இரவில் பனியுமாக இருக்கும்போது நம் பக்கத்துக் கொழுந்துக்கு வரும் அந்தச் சுத்தமான சுறுசுறுப்பு வேறு எங்கும் கிடையாது என்று நான் இன்றைக்கும் சொல்வேன், ஊவாக்காரர்கள் சண்டைக்கு வரட்டும். அந்த மாதங்களில் வாட்டுவதையும் கூட்டி, புளிக்கவைக்கும் நேரத்தையும் குறைத்துவிடுவோம், இல்லாவிட்டால் நிறம் ஏறும், வாசம் போய்விடும். பச்சை வாசம் போய்ப் பழ வாசம் வருகிற அந்த நேரத்தைப் பிடிக்க வேண்டும். மணிக்கூடு சொல்லாது, மூக்குத்தான் சொல்லும். இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் எழுந்து அதற்காகத்தான் ஸ்டோருக்குப் போனேன், நீ சில நாள் பின்னாலேயே வருவாய்.

மூன்றாவது ஊவா, ஆகஸ்ட் மாதத்தில் அரைத்தது. பண்டாரவளைப் பக்கத்துச் சினேகிதர் கொடுத்தார். பண்டாரவளை என்று எழுதியதால் நீ வேறெதுவும் நினைக்காதே, தேயிலை மட்டும்தான், அந்தப் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை, அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும் கச்சான் காற்று மலையைத் தாண்டி ஈரமெல்லாம் இழந்து அந்தப் பக்கம் வறண்டு வீசும்போது செடி தவிக்கும், வளர்ச்சி குறையும், கொழுந்தில் வாசம் திரளும். மெந்தோல் மாதிரி, நாம் முழங்காலுக்குத் தேய்க்கிற தைலத்தின் வாசம் மாதிரி ஒன்று வரும். அந்தத் தைலத்தில் உள்ள பொருளே இதிலும் இருக்கிறது, மெதில் சாலிசிலேட். மற்ற மூன்றில் தடுமாறினாலும் இதில் தடுமாற முடியாது. இதில் ஒன்றும் தெரியவில்லை என்றால் எனக்கு உடனே சொல்ல வேண்டும்.

நான்காவது ருஹுணு, தெனியாயப் பக்கத்து ஓபி 1 ரகம். நீளமாகக் கறுத்து முறுக்கிய இலை. கீழ்நாட்டுத் தேயிலை என்று நம் ஆட்கள் முகம் சுழிப்பார்கள், ஆனால் நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் கீழ்நாட்டில்தான் வருகிறது, ஈராக்கும் துருக்கியும் ரஷ்யாவும் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். சாயம் கறுத்துச் சிவக்கும், இனிப்பு தெரியும், வாயில் கனமாக இருக்கும். கடினமான தண்ணீரையும் பாலையும் இது தாங்கும். ஆகவே தினமும் குடிக்க இதை வைத்துக்கொள், முதல் மூன்றையும் பால் இல்லாமல் குடி.

நீ முதல் சம்பளத்தில் டார்ஜிலிங் வாங்கி அனுப்பியது நினைவிருக்கிறதா? தகரத்தைத் திறந்ததும் இலை பச்சையும் மண்ணிறமுமாக இருந்ததைப் பார்த்து, இவர்கள் சரியாகப் புளிக்கவைக்கவில்லை என்று நினைத்தேன். குடித்த பிறகுதான் அந்தத் திராட்சை வாசம் தெரிந்தது. தத்துப்பூச்சி கடித்த கொழுந்திலிருந்துதான் அந்த வாசம் வருகிறது என்று நீதான் படித்துப் பார்த்து எழுதினாய், மே, ஜூன் மாதத்துப் பறிப்பு என்றும் எழுதினாய். நான் ஒரு பக்கம் எழுதினால் நீ மூன்று பக்கம் எழுதுவாய். தொழில் படித்தவன் நான், எனக்கே தெரியாததை என் பிள்ளை சொல்லித்தருகிறாள் என்று ஸ்டோரில் எல்லோருக்கும் அந்தக் கடிதத்தைக் காட்டினேன். இப்போது வட்ஸ்அப்பில் "ஓகே அப்பா" என்று ஒரு வரி வருகிறது. வேலை அதிகம் என்கிறாய், சரி, நம்புகிறேன். வீடியோவில் பேசும்போது கமரா வேலை செய்யவில்லை என்கிறாய், அதையும் நம்புகிறேன். அப்பாயி மட்டும் நம்பவில்லை, புள்ளையோட முகத்தைக் காட்டு என்று போனைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்.

அப்பாயியைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வந்தது. அவர் வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தார். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து அரைத்தால் ஒரு கிலோ தேயிலை வரும், அவர் பறித்ததில் எத்தனை தேசத்துக்காரர்கள் குடித்திருப்பார்களோ தெரியாது. அவருக்குக் கிடைத்தது மாதத்துக்கு ஒரு பொட்டலம் டஸ்ட், சலித்து மிஞ்சிய தூள். இந்த நான்கையும் உனக்குக் கட்டும்போது அவருக்கும் நான்கு கோப்பை ஊற்றிக்கொடுத்தேன். நுவரெலியாவைக் குடித்துவிட்டு, இது என்ன, சுடுதண்ணியா என்றார். ஊவாவைக் குடித்ததும் கண்ணைச் சுருக்கி, "இதுல தைலம் கலந்திருக்கானுங்க" என்றார். இந்த வயதிலும் அவருக்குத் தெரிகிறது மகள். அதைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது, மிச்சத்தைக் குடிக்க முடியவில்லை.

மூக்கு அடைத்திருக்கிறதா? சளி பிடித்து வாசம் போனால் நாக்குக்கும் ஒன்றும் தெரியாது. கொரோனா நேரத்தில் நிறையப் பேருக்கு வாசம் போய்ப் பிறகு மெதுவாக வந்தது. டொக்டரிடம் காட்டு. கராம்பு, எலுமிச்சைத் தோல், ரோஜாப்பூ என்று ஒவ்வொரு நாளும் மோந்து பழகச் சொல்வார்கள், இந்த நான்கு தேயிலையும் அதற்கு உதவும். காரணம் மூக்காக இருந்தால் எனக்குக் கவலை இல்லை. மூக்கு நன்றாக இருந்தும் ருசி தெரியவில்லை என்றால், சோறும் அப்படித்தான் இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, காலையில் எழும்ப முடிகிறதா என்று நான் கேட்க வேண்டியிருக்கிறது. போனில் எனக்குக் கேட்க வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். அதற்கும் டொக்டர் இருக்கிறார், போவதில் வெட்கமில்லை. ஊருக்குத் திரும்பி வருவதிலும் வெட்கமில்லை. பேராதனை யூனிவர்சிட்டிக்குப் போன நாளில் லயத்து வீடுகள் முழுக்க வந்து பஸ் ஏற்றினார்களே, அவர்கள் யாரும் உன்னிடம் கணக்குக் கேட்கப்போவதில்லை. கேட்டால் நான் பதில் சொல்வேன்.

கோப்பைகளுக்கு அடியில் எண் ஒட்டி, இடம் மாற்றி வைத்துப் பார். எந்த எண், எந்த வாசம், எது பிடித்தது என்று ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, எழுது. 2 கிராம், 6 நிமிடம், பில்டர் தண்ணீர், சாப்பிட்ட பிறகு. ஞாயிற்றுக்கிழமை போன் எடு, கமராவைப் போட்டு அப்பாயிக்கு முகத்தைக் காட்டு.

நான்கு கோப்பையிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுது. நான் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன், அம்மாவுக்கு இன்னும் தெரியாது. விசாவுக்கு உன் பக்கத்திலிருந்து ஒரு கடிதமும் வேறு என்னவோ காகிதங்களும் வேண்டுமாம், என்னென்ன என்று கேட்டுத் தம்பிக்கு அனுப்பிவிடு.

அப்பா
ஹட்டன்