உலராத கறள் தடுப்புப் பூச்சும் பதில் சொல்லாத உங்கள் அலுவலகமும்

திருகோணமலை

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

உங்கள் சொரசொரப்புப் பூச்சை அப்பாவின் 1959 மொரிஸ் மைனர் காரின் மட்காட்டுகளுக்கு உட்பக்கம் அடித்து ஏழு வாரமாகிறது. இன்றைக்கும் விரல் வைத்தால் ஒட்டுகிறது. நகத்தால் இழுத்தால் தோல் மாதிரி உரிகிறது. எந்தப் பூச்சு என்று உங்களுக்கே தெரியும்: மூன்று பங்குக்கு ஒரு பங்கு ஹார்ட்னர், அதாவது பூச்சை இறுகவைக்கும் திரவம், கலக்கிற அந்தக் கறுப்பு ரின். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

உங்கள் ஆட்கள் பொறுமையாகக் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. மூன்றாம் தடவை தொலைபேசியில் பேசியவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "கடல் காத்து அடிக்கிற ஊரில இதெல்லாம் நிக்காது ஐயா. பழைய இரும்புக்கு ஏன் இவ்வளவு பாடு?" கடற்காற்று அடிக்கிற ஊர் என்பதால்தானே இதை வாங்கினேன்! உப்பும், டயர் எறிகிற கிறவல் கல்லும் தகட்டைத் தின்னாமல் இருக்கத்தானே இந்தத் தடித்த பூச்சு? அந்தப் பழைய இரும்பில்தான் அப்பா எங்களைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டார்.

நான் அடித்த விதத்தில் பிழை இல்லை. கறளைத் தகடு வெளுக்கும்வரை சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, எபொக்சி பிரைமர் அடித்து, அது காய்ந்தபின் 80 ஆம் நம்பர் எமரியால் உரசிய பிறகுதான் உங்கள் பூச்சு. பிழை ஹார்ட்னரில். திறந்தபோதே தேன் மாதிரித் தடித்திருந்தது. காற்றின் ஈரம் பட்டால் அது அப்படித்தான் கெடும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? கலக்குமுன் உங்கள் இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டேன். "அது அப்படித்தான் இருக்கும், கலக்குங்கோ" என்றார்கள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கலக்கினேன்.

அப்புறம், நேரில் கொண்டுவரச் சொன்னீர்கள். அந்த வண்டியின் மட்காட் போல்ட் போட்டு இறுக்கியது, கழற்றலாம். சாக்கில் சுற்றி, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்கு வந்தேன். கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர். உங்கள் வாசலில் இருந்த பிள்ளை சாக்கை அவிழ்க்கக்கூட விடவில்லை. தொழில்நுட்ப அலுவலர் லீவாம். வாங்கிய கடையில் காட்டட்டாம். கடை திருகோணமலையில் இருக்கிறது ஐயா!

பூச்சு கிளம்பிய இடத்தில் ஈரம் உள்ளே நின்று, வெறும் தகட்டை விட வேகமாகக் கறள் ஏறும். மாரி தொடங்கினால் அந்த மட்காட்டுகள் போனதுதான். இந்தக் காரின் பெறுமதியில் பாதி உங்களால் அழிந்துவிட்டது. பத்து லட்சம் தந்தாலும் அப்பாவின் மட்காட் திரும்பி வராது.

தயவுசெய்து புதிய பூச்சும் ஹார்ட்னரும் அனுப்புங்கள். பழையதை உரித்தெடுக்கும் கராஜ் கூலியையும் தாருங்கள். பழைய இரும்பு என்றவர் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை விடமாட்டேன். பதினான்கு நாள் பார்ப்பேன். பதில் இல்லையென்றால் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் எழுத்தில் முறையிடுவேன். அந்த ஹார்ட்னர் போத்தல் பத்திரமாக என்னிடம்தான் இருக்கிறது.

உண்மையுள்ள,
உங்கள் வாடிக்கையாளர்,
உவர்மலை.

பி.கு.: மட்காட்டை இன்னொரு முறை தூக்கிக்கொண்டு வரமாட்டேன். பார்க்க வேண்டுமென்றால் ஆளை இங்கே அனுப்புங்கள்.