மட்டக்களப்பு, திகாமடுல்ல மாவட்டங்களின் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். ஆயுபோவன்.

ஒருபாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளின் கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1883 இல் வெள்ளைக்காரன் எழுதியதைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றமே சொன்னது. 2024 இல் பாராளுமன்றம் கலைந்தபோது சட்டமூலமும் கூடவே போய்விட்டது. சரி, அது வேறு சண்டை. நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். பாலியல் நாட்டமோ பால்நிலை அடையாளமோ காரணமாக ஒருவருக்கு வேலை தர மறுக்கவும் கூடாது, வேலையிலிருந்து நிறுத்தவும் கூடாது என்று தொழிற்சட்டத்தில் எழுதுங்கள். அரச அலுவலகத்துக்கு மட்டுமல்ல, கடைக்கும் கம்பனிக்கும் சேர்த்து எழுதுங்கள்.

நான் கல்முனைப் பக்கம் சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஊழியர் சேமலாப நிதிப் படிவங்களை நிரப்புவதும் என் வேலைதான். அண்மையில் ஒரு கடையில் புதிதாகச் சேர்ந்த பொடியனைப் பதியச் சொன்னார்கள். (அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் கடையும் வேண்டாம்.) லொறியில் சீமெந்து ஏற்றி இறக்கும் வேலை. கெட்டிக்காரன் என்று முதலாளியே சொல்லியிருந்தார். அடையாள அட்டையைக் கேட்டால் மட்டும், மறந்துவிட்டேன், நாளைக்குத் தருகிறேன் என்று இழுத்துக்கொண்டே இருந்தான்.

ஏன் என்பது அட்டை வந்தபிறகுதான் விளங்கியது. நமது அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த வருடத்துக்கு அடுத்துள்ள மூன்று இலக்கங்கள், அந்த வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பதைக் காட்டுபவை. பெண்ணாகப் பதியப்பட்டவர் என்றால் அதோடு 500 ஐக் கூட்டிவிடுவார்கள். ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. படத்தையோ பெயரையோ பார்க்கவே தேவையில்லை. அவனுடைய இலக்கம் 500 ஐத் தாண்டியிருந்தது. அவன் ஒரு திருநம்பி, பெண்ணாகப் பதியப்பட்டு ஆணாக வாழ்பவன். நான் வாய் திறக்கவில்லை, ஆனால் அட்டை முதலாளியின் மேசையில்தான் கிடந்தது. அவருக்கும் கணக்குத் தெரியும். அடுத்த நாள் காலையில், 'இனி வர வேணாம் தம்பி' என்றார். தம்பி என்றுதான் சொன்னார். வேலையில் குறை என்று ஒரு சொல் இல்லை. செய்த நாட்களுக்கான காசைச் சரியாக எண்ணிக் கொடுத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது அவன் அட்டை கேட்காத இடத்தில் நாட்கூலிக்குப் போகிறான். அட்டை கேட்காத இடம் என்றால் சேமலாப நிதியும் இல்லாத இடம். முதலாளி போட வேண்டிய 12 வீதம் இல்லை, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 வீதம் இல்லை. நாளைக்கு மூட்டையோடு விழுந்து காலை முறித்துக்கொண்டால், இன்னாரிடம் வேலை செய்தேன் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. தொழிலாளிக்கு நீங்கள் கொடுத்திருக்கும் பாதுகாப்பெல்லாம் எந்தப் படிவத்தில் தொடங்குகிறதோ, அந்தப் படிவமே அவனைப் பிடித்துக் கொடுக்கிறது.

வழக்குப் போடலாமே என்பீர்கள். எங்கே போட? அடிப்படை உரிமை மனு அரசின் செயலுக்கு எதிராகத்தான் செல்லும், கடை முதலாளி அரசு அல்ல. 1971 ஆம் ஆண்டின் தொழில் முடிவுறுத்தல் சட்டம் 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்குப் பொருந்தாது. தொழில் நியாய சபைக்குப் போனால், எதற்காக நிறுத்தினார்கள் என்பதை நாலுபேர் முன்னால் சொல்ல வேண்டும். சொந்த மாமாவிடமே சொல்லாதவன் அங்கே போய்ச் சொல்வானா? 2016 ஆம் ஆண்டின் சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கைப்படி மனநல வைத்திய நிபுணரிடம் சான்றிதழ் எடுத்து, அப்புறம் பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, அப்புறம் அட்டையை மாற்றலாம்தான். நாட்கூலிக்காரனுக்கு அதற்கெல்லாம் லீவு யார் தருவது?

கலாசாரம் என்ற சொல் வரும் என்று தெரியும். கோயிலையோ பள்ளிவாசலையோ நான் எதுவும் கேட்கவில்லை, கல்யாணத்தைப் பற்றியும் பேசவில்லை. பேசுவது சம்பளத்தைப் பற்றி. களவெடுத்தால் நிறுத்துங்கள், வேலை தெரியாவிட்டால் நிறுத்துங்கள். வேலைத்தலப் பாகுபாடு எப்படி இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்கா பாடம் எடுக்க வேண்டும்? சிங்களச் சோதனையில் தேறாததற்காகச் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் அரச ஊழியர் கோடீஸ்வரனின் வழக்கு, அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனதைச் சொல்லிச் சொல்லித்தானே இங்கே பல மேடைகள் வளர்ந்தன! கொழும்பு செய்தால் ஒடுக்குமுறை, நாங்கள் செய்தால் கலாசாரம். வசதியான ஏற்பாடுதான்.

கொஞ்சம் கூடிப்போய்விட்டது, மன்னிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1964 ஆம் ஆண்டுச் சட்டம் 'பால்' அடிப்படையில் வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. ஒருபாலீர்ப்பாளர்களும் மாறிய பாலினத்தவரும் அதற்குள் அடங்குவர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 இல். 56 வருடம். எங்கள் அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரையிலும் 'பால்' இருக்கிறது. ஆனால் அது கடை வாசலைத் தாண்டாது. ஆகவே யாரோ ஒரு நீதிபதி வியாக்கியானம் சொல்லும்வரை எங்களைக் காக்க வைக்காமல், பாலியல் நாட்டம், பால்நிலை அடையாளம் இரண்டையும் பெயர் சொல்லியே சட்டத்தில் எழுதிவிடுங்கள். தனியார் துறையையும் பெயர் சொல்லியே எழுதுங்கள்.

இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்துப் பன்னிரண்டு பேரைத் தெரிவுசெய்து அனுப்பியிருக்கிறோம். தொழிற்சட்டத் திருத்தம் எதுவானாலும் அது சபைக்கு வரும் நாளில், குழுநிலையில் இந்த ஒரு வாசகத்தைச் சேர்க்கும்படி உங்களில் ஒருவராவது எழுந்து கேட்க வேண்டும் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் அந்தக் காரணத்தையும் எழுத்தில் தந்தால் நல்லது.

இப்படிக்கு,
கல்முனையிலிருந்து ஒரு கணக்கெழுதுபவன்