எண்ணூறு ரூபாய்க்கு ஒரு சலான்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஓசூரில் வேலை உறுதியானதை ஒரே வரியில் எழுதிவிட்டு, கொருக்குப்பேட்டை அக்காவின் பேங்க் விவகாரத்தை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் நானும் அதற்கே வருகிறேன். 800 ரூபாய்க்கு சலான் கொடுத்தால் "பத்தாயிரத்துக்குக் கீழே கவுன்டரில் கிடையாது, ஏடிஎம்மில் எடுத்துக்கோங்கம்மா" என்று திருப்பி அனுப்புகிறார்கள், இது சட்டமா என்று கேட்டிருக்கிறாய்.

சட்டம் இல்லை. கவுன்டரில் குறைந்தது இவ்வளவு எடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி எதுவும் போடவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் காகிதம் பெரும்பாலும் அந்தக் கிளையே செய்துகொண்ட ஏற்பாடு. 1949 வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 5(பி) பிரிவைப் பார்த்தால், கேட்டவுடனோ வேறு முறையிலோ திருப்பித் தரவேண்டிய, செக் முதலான வழிகளில் எடுக்கக்கூடிய டெபாசிட்டை மக்களிடம் வாங்குவதுதான் பேங்க் தொழிலே. தொகை சிறிதானால் தரவேண்டாம் என்று அதில் எங்கும் இல்லை. செக் என்றால் பிடி இன்னும் இறுக்கம். கணக்கில் போதுமான பணம் இருந்து, செக்கும் ஒழுங்காக இருந்தால் பேங்க் கொடுத்தே ஆகவேண்டும், கொடுக்காவிட்டால் செக் எழுதியவருக்கு ஏற்படும் நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும் என்கிறது 1881 மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 31-வது பிரிவு. 500 ரூபாய் செக்குக்கும் அதே பிரிவுதான்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எவ்வளவுக்குக் குறையக்கூடாது என்பதுதான் இட்டுக்கட்டியது. மாதத்துக்கு எத்தனை முறை என்பது பல கணக்குகளில் நிஜமான விதி. அக்காவுடையது ஜன்தன் மாதிரி அடிப்படை சேமிப்புக் கணக்காக இருந்தால், மாதம் நான்கு முறையாவது இலவசமாக எடுக்கவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அந்த நான்கில் ஏடிஎம்மில் எடுப்பதும் சேரும். அதற்குமேல் கட்டணம் போட பேங்குக்கு இடம் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு தடவை 200, 300 என்று எடுத்தால் பாதி மாதத்திலேயே நான்கும் தீர்ந்துவிடும். மகளிர் உரிமைத் தொகை 15-ஆம் தேதியை ஒட்டி வருகிறது. வருவதைச் சேர்த்து மாதம் இரண்டு தடவையில் எடுத்துவிடச் சொல்.

ஏடிஎம்முக்குப் போ என்பதில் இருக்கும் வேடிக்கை இதுதான்: சின்னத் தொகைதான் ஏடிஎம்மால் கொடுக்க முடியாத தொகை. கணக்கில் 430 ரூபாய் இருக்கிறது, மெஷினில் 500 ரூபாய் நோட்டு மட்டும் இருக்கிறது என்றால் அந்தப் பணம் அவளுக்கு இல்லாத மாதிரிதான். ஏன் 500 மட்டும் வைக்கிறார்கள்? ஒரு மெஷினில் வழக்கமாக நான்கு பெட்டி, பெட்டிக்கு சுமார் 2,000 நோட்டு. நான்கிலும் 500 வைத்தால் 40 லட்சம், 100 வைத்தால் 8 லட்சம். நூறு ரூபாய் வைத்தால் வண்டி அடிக்கடி வந்து நிரப்ப வேண்டும். அதோடு, மாதத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் மெஷின் காலியாக இருந்தால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி வைத்தது. காலியாகாமல் பார்த்துக்கொள்ள எளிய வழி பெரிய நோட்டு. இதைச் சரிக்கட்டத்தான் 2025 ஏப்ரலில் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. செப்டம்பர் முடிவுக்குள் 75 சதவீத ஏடிஎம்களிலும், 2026 மார்ச் முடிவுக்குள் 90 சதவீதத்திலும், குறைந்தது ஒரு பெட்டியில் 100 அல்லது 200 ரூபாய் நோட்டு இருக்க வேண்டும் என்றது. பெட்டி இருப்பது வேறு, அதில் மாலை வரை நோட்டு இருப்பது வேறு.

இன்னொரு செலவும் இருக்கிறது. சென்னை மெட்ரோ நகரம் என்பதால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு வேறு பேங்க் ஏடிஎம்மில் மாதம் மூன்று முறைதான் இலவசம், சொந்த பேங்கில் ஐந்து. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதும் அந்த மூன்றில் ஒன்றாகவே எண்ணப்படும். தாண்டினால் ஒவ்வொரு தடவையும் 23 ரூபாய் வரை, அதன் மேல் ஜிஎஸ்டி. 300 ரூபாய் எடுக்க 27 ரூபாய் கொடுப்பது கந்துவட்டியை விட மோசம்.

கவுன்டரில் செய்யவேண்டியது இது. பாஸ்புக்கை முதலில் பதிவு போட்டுக்கொள்ள வேண்டும். செக் புத்தகம் இல்லாதவர் சலானோடு பாஸ்புக்கையும் நீட்டினால்தான் பல பேங்கில் கேஷ் தருவார்கள். "பாஸ்புக் எங்கே" என்று கேட்டுத் தட்டிவிடுவதற்கு இடம் வைக்கக்கூடாது. தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, முன்பக்கம் ஒரு கையெழுத்து. பின்பக்கக் கையெழுத்தைக் கவுன்டரில் அவர்கள் கண் முன்னால் போடட்டும். கையெழுத்து பழைய மாதிரி வரவில்லை என்பதுதான் உண்மையான தடங்கலாக அடிக்கடி வரும். அப்படியானால் புது மாதிரிக் கையெழுத்து பதிவு செய்யக் கேட்க வேண்டும், அது அரைமணி வேலை.

தரமாட்டேன் என்றால் சத்தம் போடவேண்டாம். "சலான் மேலேயே 'தர இயலாது' என்று காரணம் எழுதி, சீல் வைத்துக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்கட்டும். எழுதித் தர யாரும் விரும்பமாட்டார்கள், பெரும்பாலும் பணம் வந்துவிடும். வராவிட்டால் கிளையில் புகார்ப் புத்தகம் இருக்க வேண்டும், கிழித்துத் தரும் நகலோடு. அதில் தேதி, நேரம், கேட்ட தொகை, சொன்ன பதில் நான்கையும் எழுதி நகலை வாங்கிக்கொள்ளட்டும். முப்பது நாள் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் சமாதானமாக இல்லையென்றாலோ பேங்க் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், இலவசம். 14448-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். பேங்கில் முதலில் புகார் கொடுக்காமல் நேராக அங்கே போனால் தள்ளுபடி. நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

"பேங்க் மித்ராவிடம் போங்கள்" என்றும் அனுப்புவார்கள், ஆதார் கைரேகை வைத்துப் பணம் தரும் இடம். மோசமான வழி என்று சொல்லமாட்டேன், 300 ரூபாயும் அங்கே கிடைக்கும். சிக்கல் கைரேகையில். காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர்களுக்கும், ஐஸில் கை வைத்து வேலை செய்கிறவர்களுக்கும், சோப்பிலும் சோடாவிலும் ஊறிய கைகளுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். கட்டைவிரலையே திரும்பத் திரும்ப அழுத்தாமல், கையைத் துடைத்துவிட்டு மற்ற விரல்களை வைத்துப் பார்க்கச் சொல். அதைவிட முக்கியம், ஒவ்வொரு முறை விரல் வைத்ததும் மெஷின் அச்சடிக்கும் சீட்டை வாங்க வேண்டும், "ஃபெயில் ஆயிடுச்சு" என்றாலும் வாங்க வேண்டும். ஃபெயில் என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவை விரல் வாங்கி, இரண்டு தொகை எடுக்கும் ஏமாற்று இந்த வழியில் பழசு. அந்த முகவர் வாடிக்கையாளரிடம் தன் கையில் கமிஷன் வாங்கக் கூடாது என்பதும் விதிதான். பத்து ரூபாய், இருபது ரூபாய் கேட்டால் கொடுக்கவேண்டியதில்லை.

ஏடிஎம்மிலோ பேங்க் மித்ராவிடமோ கணக்கில் கழிந்து பணம் கைக்கு வராவிட்டால், அந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் திரும்ப வரவு வைக்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் பேங்க் தரவேண்டும். 2019 அக்டோபரிலிருந்து இப்படி. அதை அவர்களாகவே போடவேண்டும். போடாவிட்டால் சீட்டைக் காட்டிக் கேட்க வேண்டும்.

உன் அத்தை படுக்கையில் இருப்பதாகவும் எழுதியிருந்தாய். கையெழுத்துப் போட முடியாதவருக்கு விரல் ரேகை அல்லது கால்விரல் ரேகை போதும். இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் பேங்க் அதிகாரியாக இருக்க வேண்டும். எழுபது வயதுக்கு மேல் என்றால் வீட்டுக்கே பணம் கொண்டுவந்து கொடுக்கும் சேவையைக் கேட்கலாம். 2017 நவம்பர் சுற்றறிக்கையில் அது இருக்கிறது, சேவைக் கட்டணம் இருக்கும்.

அக்காவின் கணக்கில் செக் புத்தகம் கேட்டு ஒரு விண்ணப்பம் கொடுக்கச் சொல். "செல்ஃப்" என்று எழுதிய செக்கைத் திருப்பிக் கொடுக்க கவுன்டரில் இருப்பவருக்குக் கை வராது. தேதி போட்ட நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும், அது நினைவிருக்கட்டும். இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை பேங்க் கிடையாது. 15-ஆம் தேதியும் மறுநாளும் கூட்டம் நெரியும், இரண்டு நாள் தள்ளிப் போவது நல்லது.

பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. அது எந்த வகைக் கணக்கு என்று பார்த்துவிட்டு புகார்க் கடிதத்தை நானே எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
பாலு
தண்டையார்பேட்டை