மண்டப வரைபடங்களை ஏலத்தில் விடாமல் பாதுகாக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற படவரைவாளர்,
கும்பகோணம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பொருள்: நியோகிளாசிக்கல் (பழைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களைப் பின்பற்றும்) பாணி மண்டபத்தின் தொடக்க நிலை வரைபடங்களை ஆவணமாகப் பாதுகாக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். காவிரிக்கரைப் பூங்காவில் கட்டுவதற்கென்று ஒரு கட்டடக் கலைஞர் முன்பு வரைந்த மண்டபப் படங்கள், எங்கள் ஊர் அரசு அலுவலகம் ஒன்றின் பின்னறையில் கிடக்கின்றன. மண்டபம் கட்டப்படவே இல்லை, வரைந்தவரும் காலமாகிவிட்டார். ஃபேர் காப்பி (இறுதியாகத் திருத்தி வரைந்த படம்) கோப்பில் இருக்கிறது, மற்றதெல்லாம் வெறும் கிறுக்கல், பழைய பேப்பரோடு ஏலத்துக்குப் போகும் என்கிறார்கள். அந்தக் கிறுக்கல்களுக்காகத்தான் இந்த மனு.

ஃபேர் காப்பியில் முடிவு மட்டும்தான் இருக்கும். அவர் யோசித்ததெல்லாம் பென்சில் தாள்களில் இருக்கிறது. ஒரு டிரேசிங் தாளில் முகப்புக்கு முதலில் ஐந்து தூண் போட்டிருக்கிறார். அப்படியென்றால் நுழைகிற வழியில் நட்டநடுவே ஒரு தூண் நிற்கும். அதை அழித்து ஆறாக்கியிருக்கிறார். அழித்த தடம் இன்னும் தெரிகிறது. தூண்களுக்கிடையே தூணின் குறுக்களவைப் போல் இரண்டேகால் மடங்கு இடைவெளி, நடு இடைவெளிக்கு மட்டும் மூன்று மடங்கு என்பது ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொன்ன கணக்கு. அதைத் தாளோரத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். பழைய ரோமானிய, கிரேக்கத் தூண் வகைகளில், உயரம் குறுக்களவைப் போல் 7 மடங்குள்ள டஸ்கன் தூணையும் 8 மடங்குள்ள டோரிக் தூணையும் அருகருகே வரைந்து, எது பொருந்தும் என்று பார்த்திருக்கிறார்.

அடுத்த தாள்தான் எனக்கு உயிர். அதே முகப்பு அதில் நம் மண்ணுக்கு வந்துவிடுகிறது. வெள்ளத்தை நினைத்துப் பீடத்தை உயர்த்தி, படிகளைக் கூட்டியிருக்கிறார். ஐப்பசிச் சாரல் உள்ளே அடிக்காதபடி கூரை விளிம்பை வெளியே நீட்டி, பக்கத்தில் ‘கொடுங்கை?’ (நம் கோயில்களில் வளைந்து வெளியே நீளும் கூரை விளிம்பு) என்று எழுதியிருக்கிறார். ஃபேர் காப்பியில் இந்தக் கேள்விக்குறி இல்லை. இளம் பொறியாளர்களும் கட்டடக்கலை மாணவர்களும் பார்க்க வேண்டியது இந்தத் தாளைத்தான்.

நியோகிளாசிக்கல் பாணி தஞ்சைக்குப் புதிதும் இல்லை. சிவகங்கைப் பூங்காவில் 1779இல் கட்டிய ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தில், இரண்டாம் சரபோஜி மன்னர் செய்வித்த, ஜான் ஃபிளாக்ஸ்மனின் பளிங்குச் சிற்பம் இருக்கிறது. இங்கிலாந்தின் நியோகிளாசிக்கல் சிற்பிகளில் முன்வரிசையில் வைக்கப்படுபவர் அவர்.

படங்கள் இருக்கும் அறையில் ஓதம் ஏறிவிட்டது. சில தாள்களை ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. அடுத்த மழைக்கு இவை தாங்காது. ஆகவே ஏலப் பட்டியலிலிருந்து இவற்றை உடனே நீக்க உத்தரவிட வேண்டுகிறேன். அப்புறம், ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்து, அசல்களை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ, நம் சரஸ்வதி மகால் நூலகத்திலோ ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். சுருட்டிய தாள்களை வலிந்து பிரிக்கவோ லேமினேஷன் செய்யவோ வேண்டாம்; டிரேசிங் தாள் நொறுங்கிவிடும். தாள்களை வரிசைப்படுத்தி எண்ணிட ஆள் தேவைப்பட்டால், சம்பளம் எதுவும் வாங்காமல் நானே வந்து செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)