நம் பின்னல் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவி அக்காவுக்கும், சங்கத்து அக்கா தங்கைகளுக்கும், துணிந்து நம்மோடு சேர்ந்த ஒரே அண்ணனுக்கும் வணக்கம்.

ஆண்டுத் தொடக்கத்தில் 21 பேர் இருந்தோம். இரண்டு பேர் பிள்ளைகளோடு கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டார்கள். நான்கு பேர் புதிதாக வந்தார்கள். ஆக, இப்போது 23. மாதாந்திரக் கூட்டங்களில் நவம்பர் கூட்டம் மட்டும் மழையால் நடக்கவில்லை. அந்த மழையில் குன்னூரில் யார்தான் வெளியே வருவார்கள்? வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

டிசம்பர் கூட்டத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். புதிதாகப் பின்னியதைக் காட்டுவதற்குப் பதில், வீட்டாருக்கும் சிநேகிதிகளுக்கும் எப்போதோ பின்னிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தோம். கேட்டு வாங்குவது பெரிய பாடாகிவிட்டது. 'அது எங்கேயோ இருக்குமே' என்று இழுத்தவர்கள்தான் அதிகம். பரணில், பாச்சை உருண்டை வாசத்தோடு, மடிப்புக் கலையாமல் கிடந்தவை மட்டும் உடனே வந்து சேர்ந்தன. அழகாக இருக்கிறதே என்று எல்லோரும் சொன்னோம். ஆனால் மடிப்புக் கலையாத ஸ்வெட்டர் என்றால் யாரும் போடவில்லை என்றுதானே அர்த்தம்!

நம்மில் மூத்தவர் கொண்டு வந்தது சாம்பல் நிற முழுக்கை ஸ்வெட்டர். அவர் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவர். விடியற்காலை இரண்டு மணி, மூன்று மணிக்கு ஷிப்டுக்குக் கிளம்பும்போது போட்டுக்கொண்டது. முழங்கையில் இரண்டு இடத்தில் வேறு சாம்பலில் ஒட்டுப் போட்டிருக்கிறார். மணிக்கட்டு ரிப்பை விரித்துக் காட்டினார். கண்ணிகளின் இடுக்கில் தேயிலைத்தூள் கறுப்பாக அப்படியே இருந்தது. எத்தனை முறை துவைத்தும் போகவில்லையாம். அப்புறம் துவைப்பதையே விட்டுவிட்டாராம். அந்த ஸ்வெட்டர் கைமாறிக் கைமாறி அறை முழுக்கச் சுற்றி வந்தது. அதற்குப் பிறகு என்னுடையதை எடுக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

நான் கொண்டு போனது என் மகனுக்கு ஒரு வயதில் பின்னிய மஞ்சள் ஸ்வெட்டர். உடம்பும் கையும் அச்சாக அமைந்தன. கழுத்தில் மட்டும் கண்ணிகளை இறுக்கி மூடிவிட்டேன். தலை காது வரை போய் அங்கேயே நின்றுவிட்டது. அவன் வீறிட்டு அழ, என் மாமியார் கத்தரியை எடுத்து வந்தார். வெட்டவிடாமல் நான் பிடுங்கிக்கொண்டேன். ஆனாலும் அவன் அதை ஒரு நாள்கூடப் போடவில்லை. கழுத்தை மூடும்போது இரண்டு நம்பர் தடித்த ஊசியை எடுத்தால் போதும் என்று இந்தச் சங்கத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு தங்கை மெரூன் நிறத்தில் வெந்நீர்ப் பைக்கு உறை கொண்டு வந்தார். இதற்கா இவ்வளவு பெருமை என்று நினைத்தோம். முதலில் அது அப்பாவின் கையில்லாத ஸ்வெட்டர். பிரித்து, நூலை நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, சுருக்கம் போகக் காயவைத்துத் தம்பிக்குப் பின்னினார். தம்பி வளர்ந்ததும் மறுபடி பிரித்தார். இப்போது உறை அப்பாவிடமே திரும்பியிருக்கிறது.

சென்னை மருமகள் வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டு எடுத்த ஸ்வெட்டரும் வந்தது. அசல் கம்பளி வெந்நீரில் அலசினால் அடைபட்டுச் சுருங்கிவிடும். இது பொம்மைக்குத்தான் ஆகும். அக்ரிலிக் நூலாக இருந்திருந்தால் தப்பியிருக்கும். சென்னைக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று கேட்காதீர்கள், அலுவலக ஏசிக்காம்.

நம் அண்ணன் பின்னியது சிநேகிதருக்கு. இணையத்தில் ஓர் அமெரிக்க மாதிரியைப் பார்த்து, அதில் சொன்னபடி எட்டாம் நம்பர் ஊசியால் பின்னினார். சிநேகிதரின் மகனுக்கே இறுக்கமாக இருந்தது. நாம் வாங்கும் ஊசியில் இருப்பது பழைய பிரிட்டிஷ் எண். எட்டு என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்க எட்டு 5 மில்லிமீட்டர். நம் கணக்கில் எண் கூடக் கூட ஊசி மெலியும், அவர்களுக்கு நேர் எதிர். இனி எந்த மாதிரியானாலும் மில்லிமீட்டரைப் பார்த்தே தொடங்குவது என்று அன்றே முடிவெடுத்தோம். அளவு சரியாக வருகிறதா என்று முதலில் நான்கு அங்குலச் சதுரம் ஒன்று பின்னிப் பார்ப்பதும் கட்டாயம். (நானே பாதி நேரம் பின்னிப் பார்ப்பதில்லை, அது வேறு விஷயம்.)

ஒரு மனக்குறையும் உண்டு. ஜூலையில் மொத்தமாக வரவழைத்த நீல நூலில் இரண்டு லாட் (ஒரே தடவையில் சேர்த்துச் சாயம் ஏற்றிய நூல் ஒரு லாட்) கலந்திருந்தது. மூன்று பேருடைய ஸ்வெட்டரில் ஒரு கை ஒரு நீலம், மறு கை வேறு நீலம். கடையில் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். இந்த ஆண்டு பார்சல் வந்ததும், நூலைப் பங்கு போடுவதற்கு முன்பே லேபிளில் லாட் எண்ணைச் சரிபார்க்க இருவரை நியமிக்க வேண்டும்.

கூடத்தை இலவசமாகத் தந்தவர்களுக்கும், மாதாமாதம் வர்க்கியும் டீயும் கொண்டு வந்தவர்களுக்கும் நன்றி. டிசம்பர் கூட்டத்தில் பத்தாம் நம்பர் ஊசி ஒன்று, ஜோடி இல்லாமல், ஜன்னலோரம் கிடந்தது. என்னிடம்தான் இருக்கிறது. மற்றதைக் கொண்டு வந்து காட்டுபவர் வாங்கிக்கொள்ளலாம்.

செயலாளர்