அர்போரியாவின் எலியனோரா: கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்ட சட்டநூல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இடைக்கால ஐரோப்பாவை ஆண்ட பெண்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவரும் தொடரைத் தவறாமல் படித்து வருகிறேன். சென்ற இதழில், இன்றைய இத்தாலியைச் சேர்ந்த சார்தீனியத் தீவின் எலியனோராவைப் பற்றிய கட்டுரையைக் கண்டதும் மகிழ்ந்தேன். தமிழில் அவரைப் பற்றிப் படிக்கக் கிடைப்பது மிக அரிது. கட்டுரையாளரின் உழைப்பை மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும், கோட்டை, முற்றுகை, படை என்று பக்கம் பக்கமாக விரிந்த அந்தக் கட்டுரை, எலியனோரா வெளியிட்ட 'கார்த்தா தெ லோகு' என்னும் சட்டநூலை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது எனக்குப் பெரும் ஏமாற்றம் அளித்தது. அவர் எதைக் காப்பதற்காகப் போரிட்டார் என்ற கேள்விக்கு விடை அந்தச் சட்டநூலில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். கட்டுரை அவரைச் 'சார்தீனியாவின் அரசி' என்று மீண்டும் மீண்டும் அழைக்கிறது. 'சார்தீனிய அரசு' என்ற பெயரும் பட்டமும் அவருடைய எதிரிகளுக்கு உரியவை. 1297இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ், சார்தீனியாவும் கோர்சிகாவும் சேர்ந்த ஓர் அரசைத் தாமாகவே அறிவித்து, அதை, இன்றைய ஸ்பெயினில் இருந்த அரகோன் நாட்டின் மன்னர் இரண்டாம் ஹைமேக்கு வழங்கினார். அந்தத் தீவில் ஏற்கெனவே ஆட்சிகள் நடந்துகொண்டிருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. 1323இல் அரகோன் படை வந்திறங்கியதும் அந்தப் பட்டத்தின் பேரில்தான். எலியனோரா தம் சட்டநூலின் முகப்பில் தம்மை அர்போரியாவின் நீதிபதி, கொசேயானோவின் கோமகள், பாஸ் நாட்டின் துணைக்கோமகள் என்றே குறிப்பிட்டுக்கொள்கிறார். அவரைச் சார்தீனியாவின் அரசி என்று எழுதினால், அவர் வாழ்நாள் முழுவதும் ஏற்க மறுத்த ஒரு பட்டத்தை நாம் அவர் தலையில் சூட்டுகிறோம் என்று ஆகிவிடும்.

நீதிபதி என்ற பட்டம் வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். பைசாந்தியப் பேரரசின் பிடி தளர்ந்தபின் சார்தீனியத் தீவில் காலியரி, தோர்ரெஸ், கல்லூரா, அர்போரியா என்று நான்கு ஆட்சிகள் உருவாயின. நான்கிலும் ஆண்டவர்கள் நீதிபதி என்றே அழைக்கப்பட்டார்கள். நாடு ஆள்பவரின் குடும்பச் சொத்தாகக் கருதப்படவில்லை என்பதும், 'கொரோனா தெ லோகு' எனப்பட்ட நாட்டவையின் முன்னால் ஆட்சியாளர் உறுதிமொழி எடுக்கும் மரபு இருந்தது என்பதும் இந்த ஆட்சிகளின் தனிச்சிறப்பு. மற்ற மூன்றும் 13ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பீசா, ஜெனோவா ஆகிய நகர அரசுகளின் கைக்கும் அவற்றின் பெருங்குடும்பங்களின் கைக்கும் போய்விட, அர்போரியா மட்டுமே எஞ்சி நின்றது. அரகோன் மன்னர்களோ வெற்றிகொண்ட ஊர்களைத் தம் பிரபுக்களுக்கு மானியமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஊரோடு சேர்ந்து ஊராரும் பிரபுவின் அதிகாரத்துக்குள் போனார்கள். தொடக்கத்தில் பீசாவுக்கு எதிராக அரகோனுடன் கூட்டுச் சேர்ந்திருந்த அர்போரியா, எலியனோராவின் தந்தை நான்காம் மரியானோவின் காலத்தில், 1353இல், அதே அரகோனுக்கு எதிராகப் போர் தொடங்கியதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. இந்தப் பின்னணியைக் கட்டுரை இன்னும் சற்று விரித்திருக்கலாம்.

1383ஆம் ஆண்டின் நெருக்கடியைக் கட்டுரையாளர் நன்றாகவே விவரித்திருக்கிறார். அண்ணன் மூன்றாம் ஊகோனேவும் அவருடைய மகள் பெனதெத்தாவும் அர்போரியாவின் தலைநகரான ஒரிஸ்தானோவில் கொலை செய்யப்பட்டதையும், எலியனோரா விரைந்து வந்து தம் சிறுவயது மகன் பெதரிக்கோவை நீதிபதியாக அறிவித்து, அவன் சார்பில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதையும் நான் மறுபடி எழுத வேண்டியதில்லை. ஆனால் அதன்பின் நடந்ததைக் கட்டுரை வெறும் குடும்பச் சோகமாக்கிவிட்டது. கணவர் பிராங்கலியோனே தோரியா அரகோன் மன்னர் நான்காம் பெத்ரோவிடம் பேச்சு நடத்தப் போனார். மன்னர் அவரைத் தடுத்து வைத்துக்கொண்டார். 1384 முதல் 1390 வரை அவர் காலியரி நகரில் கைதியாக இருந்தார். கணவர் விடுதலையாக வேண்டுமானால் மகனைப் பிணையாக அனுப்ப வேண்டும் என்ற நெருக்குதலுக்கு எலியனோரா இணங்கவில்லை. கட்டுரையாளர் இதை ஒரு தாயின் பாசமாக மட்டும் காண்கிறார். அந்தச் சிறுவன் அன்றைய நாளில் அர்போரியாவின் சட்டப்படியான ஆட்சியாளன்; அவனை அனுப்பினால் நாட்டையே அனுப்பியதாகும். தாய்ப்பாசம் இருந்திருக்கும், யார் மறுக்க முடியும்? ஆனால் ஓர் ஆட்சியாளரின் தெளிவான அரசியல் முடிவைப் பாசம் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்குவது, பெண் ஆட்சியாளர்களைப் பற்றி எழுதும்போது நேரும் பெரிய அநீதி என்று கருதுகிறேன்.

பெதரிக்கோ 1387இல் இறந்தான். இளைய மகன் மரியானோ அவன் இடத்துக்கு வந்தான். 1388 ஜனவரி 24ஆம் நாள் அரகோனின் புதிய மன்னர் முதலாம் ஹுவானுடன் செய்துகொண்ட சமாதான ஒப்பந்தத்தைக் கட்டுரை 'தோல்வி' என்று சொல்கிறது. பல ஊர்களையும் கோட்டைகளையும் திருப்பித் தர வேண்டியிருந்தது உண்மைதான். ஆயினும் அந்த ஒப்பந்த ஆவணத்தில் எலியனோராவோடு, நகரங்களிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் வந்த பிரதிநிதிகளின் பெயர்கள் நீண்ட வரிசையாகப் பதிவாகியுள்ளன. இன்றைக்கும் சார்தீனியக் குடும்பப் பெயர்களை ஆராய்வோர் முதலில் புரட்டும் ஆவணங்களுள் அது ஒன்று. 14ஆம் நூற்றாண்டில், மன்னனுக்கும் மன்னனுக்கும் இடையே முடிந்துபோகும் ஒரு காரியத்தில், ஊர் மக்களின் பெயர்கள் இப்படி எழுதப்பட்டிருப்பதை நான் சாதாரணச் செய்தியாகக் கருதவில்லை. 1390இல் பிராங்கலியோனே விடுதலையாகி, 1391இல் மீண்டும் போர் தொடங்கி, அரகோனின் வசம் காலியரி, அல்கேரோ முதலிய சில இடங்கள் மட்டுமே எஞ்சும் நிலை உருவானதைக் கட்டுரை விரிவாகச் சொல்லியிருப்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

இனி, விடுபட்ட சட்டநூலுக்கு வருகிறேன். போர் மீண்டும் மூண்டிருந்த அதே காலத்தில், பெரும்பாலோர் ஏற்கும் கணக்கின்படி 1392இல், எலியனோரா 'கார்த்தா தெ லோகு'வை வெளியிட்டார். 198 இயல்கள் கொண்ட அந்நூல் இலத்தீனில் எழுதப்படவில்லை. குடியானவர்களும் ஆயர்களும் பேசிய சார்தீனிய மொழியிலேயே எழுதப்பட்டது. தந்தை இயற்றிய சட்டம் 16 ஆண்டுகள் திருத்தப்படாமல் இருந்துவிட்டதையும், காலமும் மக்களின் நிலையும் மாறிவிட்டதால் அதைச் சீர்செய்வதாகவும் முன்னுரையில் அவர் சொல்கிறார். நாடுகளின் உயர்வு நீதியிலிருந்தே வருகிறது என்பதும், தீயோரின் செருக்கை அடக்கி நல்லோர் அச்சமின்றி வாழ வழிசெய்வதே சட்டத்தின் நோக்கம் என்பதும் அந்த முன்னுரையின் சாரம்.

உள்ளே போனால் வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. கொலை செய்தவனின் தலையை வெட்ட வேண்டும், எவ்வளவு பணம் கொடுத்தாலும் அவன் தப்பக் கூடாது என்கிறது மூன்றாம் இயல். செல்வர்கள் அபராதம் கட்டிவிட்டு உயிர்க்கொலையிலிருந்து மீள்வது பல நாடுகளில் வழக்கமாக இருந்த காலம் அது. தீயைப் பற்றிய இயல்களை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்: செப்டம்பர் 8ஆம் நாளுக்கு முன் அறுவடைத் தாளுக்குத் தீ வைக்கக் கூடாது, தீத்தடுப்புப் பாதை வெட்டும் வழக்கமுள்ள ஊர்கள் ஜூன் இறுதியில் வரும் புனித பேதுரு திருநாளுக்குள் அதை வெட்டி முடித்திருக்க வேண்டும். பழைய அர்போரியாவைச் சேர்ந்த மொந்திபெர்ரு மலைப்பகுதியில் 2021 ஜூலையில் பரவிய காட்டுத்தீயில் காடுகளும் ஒலிவத் தோப்புகளும் கருகியதை நினைத்தால், இந்த விதிகளை எழுதியவர்கள் தம் மண்ணையும் அதன் கோடையையும் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார்கள் என்பது புரியும். தடம் எங்கே, தாள் எங்கே, காற்று எப்போது என்று கணக்கிட்டு நாட்டைக் காத்தவரை வாளோடு மட்டும் வரைவது எப்படிப் பொருந்தும்?

பெண்களுக்கான விதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஒரே வரியில் கட்டுரையாளர் 'உலகிலேயே முதன்முதலாகப் பெண்களுக்கு முழு உரிமை தந்த சட்டம்' என்று எழுதியிருப்பதை ஏற்க இயலாது. மணமாகாத பெண்ணை வன்புணர்ந்தவன் அபராதம் கட்டுவதோடு அவளை மணந்துகொள்ள வேண்டும் என்கிறது 21ஆம் இயல். இன்றைய கண்ணுக்கு இது கொடுமையாகவே படும். அதே இயல், அந்தப் பெண்ணுக்கு விருப்பமிருந்தால் மட்டுமே திருமணம் என்று நிபந்தனை வைக்கிறது. திருமணம் நடக்காவிட்டால், அவள் தகுதிக்கேற்ற சீதனத்தை அவன் தந்து வேறொருவருக்கு மணமுடிக்க வேண்டும். தவறினால் அவனுடைய பாதம் வெட்டப்படும். குற்றம் குடும்ப மானத்துக்கு எதிரானதாக மட்டும் எண்ணப்பட்ட ஒரு நூற்றாண்டில், பாதிக்கப்பட்டவளின் சம்மதத்தைச் சட்டத்தின் வாசகத்திலேயே எழுதியது ஒரு பெரிய அடி. திருமணத்துக்குப் பின் ஈட்டிய சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொது என்னும் சார்தீனிய மணமுறையையும் இந்நூல் ஏற்றுப் போற்றுகிறது. உள்ளதை உள்ளபடி சொன்னாலே எலியனோரா உயர்ந்து நிற்கிறார். மிகைப்படுத்தினால் அடுத்த வாசகர் வந்து மறுப்பார், நல்ல செய்தியும் சேர்ந்து அடிபட்டுப் போகும்.

மிகையால் விளையும் கேட்டுக்கு இவருடைய நாட்டிலேயே சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அர்போரியாவின் பெருமை பேசும் பழஞ்சுவடிகள் ஒரு கட்டாக வெளிப்பட்டன. அவை போலி என்று 1870இல் பெர்லின் அறிவியல் கழகத்தின் அறிஞர்கள் அறுதியிட்டார்கள். அன்பின் மிகுதியால் ஒருவருக்குப் பொய்ப் பெருமை சேர்த்தால், பிறகு அவரைப் பற்றிய மெய்யான ஆவணங்களையும் ஐயத்தோடு பார்க்கும் நிலை வந்துவிடுகிறது.

கட்டுரை எலியனோராவின் இறப்போடு முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் அந்தச் சட்டத்தின் வலிமை தெரிகிறது. 1407இல் மகன் மரியானோவும் இறந்தபின், எலியனோராவின் சகோதரி பெயாத்ரிசேயின் பேரனான, பிரான்சின் நர்போன் துணைக்கோமகன் கியோம் ஆட்சிக்கு வந்தார். 1409 ஜூன் 30ஆம் நாள் சான்லூரிப் போரில் அர்போரியப் படை தோற்றது. 1420இல் அந்தத் துணைக்கோமகன் தம் உரிமையை 1,00,000 பொற்காசுகளுக்கு அரகோனுக்கு விற்றுவிட்டார். நாடு போயிற்று. ஆனால் அடுத்த ஆண்டே, 1421இல், காலியரியில் கூடிய நாடாளுமன்றத்தில் ஐந்தாம் அல்போன்சோ 'கார்த்தா தெ லோகு'வைத் தீவின் மற்றப் பகுதிகளுக்கும் விரிவுபடுத்தினார். வென்றவர்கள் தம் பிரபுக்களையும் பட்டங்களையும் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தத் தீவில் வழக்கை விசாரிக்க, தோற்ற நாட்டின் சட்டத்தைத்தான் அவர்களால் பயன்படுத்த முடிந்தது. பிற்காலத்தில் அந்தத் தீவை ஆண்ட சவோய் மரபின் மன்னர் கார்லோ பெலிச்சே 1827இல் புதிய சட்டத்தொகுதியை வெளியிடும் வரை, அதாவது நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேலாக, அது நடைமுறையில் இருந்தது. இந்த ஆண்டுக் கணக்கு கட்டுரையில் எங்குமே இல்லை.

கட்டுரையுடன் அச்சிட்டிருந்த, உருவிய வாளுடன் குதிரைமேல் இருக்கும் ஓவியத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரிஸ்தானோ நகரச் சதுக்கத்தில் 1881 முதல் நிற்கும் அவருடைய பளிங்குச் சிலையின் கையில் இருப்பது சட்டநூல். அவருடைய நகரத்தார் அவரை அப்படித்தான் நினைவுகூர விரும்பியிருக்கிறார்கள்.

இத்தொடர் நூலாக வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அப்போது 'சார்தீனியாவின் அரசி' என்பதை 'அர்போரியாவின் நீதிபதி' என்று திருத்தவும், அந்த ஓவியத்துக்குப் பதில் ஒரிஸ்தானோ சிலையின் படத்தை இடவும், சட்டநூலின் முன்னுரையையும் கொலை, தீ, பெண்கள் பற்றிய இயல்களில் சிலவற்றையும் தமிழில் பெயர்த்துப் பின்னிணைப்பாகச் சேர்க்கவும் வேண்டுகிறேன். சார்தீனிய மூலத்தோடு ஒப்பிட்டுப் பெயர்க்கத் தக்கவர் கிடைத்தால், பதிப்பு சற்றுத் தாமதமானாலும் வாசகர்கள் காத்திருப்பார்கள்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை