சமையல் குறிப்பு எழுதுறவங்க முதல்ல விலைப்பட்டியலைப் பாருங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல சிக்கனமா சமைக்கிறது எப்படின்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. எங்க அத்தைக்கு கண்ணு சரியா தெரியாது, நான்தான் அரிசி களைஞ்சுக்கிட்டே பேப்பர் வாசிச்சு சொல்லுவேன். பனீர் 200 கிராம், ஃப்ரெஷ் க்ரீம் அரை கப், முந்திரி 15ன்னு வாசிச்சதும் "அதையும் எண்ணித்தான் போடணுமாக்கும்"னு கேட்டாங்க பாருங்க, அதுல இருந்துதான் இந்த லெட்டர் எழுதணும்னே தோணுச்சு.

நாங்க அஞ்சு பேரு. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுறாரு, வாடகை கிடைச்சா உண்டு, இல்லாட்டி ஸ்டாண்டுல நிக்க வேண்டியதுதான். பையன் ப்ளஸ் ஒன், பொண்ணு ஏழாவது. பால், காய்கறி, மளிகை எல்லாம் சேத்து நாளைக்கு 200 ரூபாய்க்கு மேல போனா மாசக் கடைசியில எங்கயாச்சும் கைமாத்து வாங்கணும். இதுல ரெண்டு பிள்ளைகளும் ருசி இல்லேன்னா தட்டை தள்ளிட்டுப் போற ஆளுங்க.

ரேஷன் இருக்கிறதாலதான் ஓடுது, அதை ஒளிக்க என்ன இருக்கு. 2011ல இருந்து அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ரேஷன் அரிசின்னா மூஞ்சியை சுளிக்கிறவங்க பாதிப் பேரு அதை குக்கர்ல வச்சுக் குழைச்சுட்டுத்தான் பேசுறாங்க. நாலு தண்ணி மாத்திக் களைஞ்சு, அரை மணி நேரம் ஊற வச்சு, உலை தளபுளன்னு கொதிக்கும்போது போட்டு வடிச்சா சோறு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது வாடையும் அடிக்காது, அந்த வடிகஞ்சில உப்புப் போட்டு எங்க வீட்டுக்காரர் காலையில குடிச்சுட்டுத்தான் வண்டி எடுப்பாரு. அதே புழுங்கலரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டு ஆட்டினா இட்லி பஞ்சு மாதிரி வருது, மாவு பாக்கெட் வாங்கி பல வருஷமாச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். மதுரை அண்ணாநகர் உழவர் சந்தைதான் எங்களுக்கு. தமிழ்நாட்டுலயே முதல் உழவர் சந்தை அது, 1999 நவம்பர் 14ல தொறந்தாங்க, அத்தை அப்ப இருந்தே அங்கதான் காய் வாங்குறாங்களாம். அவங்க சொல்லிக் குடுத்த ஒரே பாடம், இன்னைக்கு என்ன ஆக்குறதுன்னு முடிவு பண்ணிட்டு சந்தைக்குப் போகாதேங்கிறதுதான். உள்ள போனதும் போர்டுல விலையைப் பாரு, எது இறங்கியிருக்கோ அதுதான் இன்னைக்கு வெஞ்சனம். நான் கல்யாணமாகி வந்த புதுசுல கேரட் பீன்ஸ்னு லிஸ்ட் எழுதிட்டுப் போவேன், வர்றப்ப பர்ஸ் காலியாயிருக்கும் பை நிறைஞ்சிருக்காது.

போன வாரம் பீர்க்கங்காய் மலிவா கிடந்துச்சு, ஒரு கிலோ வாங்குனேன். சதையை பாசிப்பருப்போட கூட்டு வச்சுட்டேன். தோலைத்தான் எல்லாரும் குப்பைக்கு அனுப்புறாங்க, நரம்பை மட்டும் லேசா சீவிட்டு தோலைப் பொடிசா அரிஞ்சு எண்ணெயில ஈரம் போற வரைக்கும் வதக்கணும், அவசரப்பட்டா பச்சை வாடை வந்துரும். இன்னொரு பக்கம் உளுந்து, மிளகா வத்தல், பெருங்காயம் வறுத்து, துளி புளி வச்சு அம்மியிலயோ மிக்ஸியிலயோ கொரகொரன்னு அரைச்சா துவையல். தேங்காய் விக்கிற விலையில நான் அதைத் தொடுறதில்ல, ஒரு கை வறுத்த வேர்க்கடலை போட்டுக்குவேன், என் பொண்ணுக்கு அதுதான் புடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு, அரியிறதுக்கு முன்னாடி ஒரு துண்டு வாயில போட்டுப் பாத்துருங்க. ஒருதரம் பாக்காம விட்டுட்டேன், ஒரே ஒரு காய் கசப்பு, பருப்போட மொத்தக் கூட்டும் சாக்கடைக்குப் போச்சு, அன்னைக்கு ராத்திரி எல்லாருக்கும் மோரும் ஊறுகாயும்தான்.

2023 ஜூலையில தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி ரேஷன் கடையில 60 ரூபாய்க்கு வித்தாங்களே, ஞாபகம் இருக்கா? அந்த மாசம் எங்க வீட்ல தக்காளியே இல்ல. மாசி பங்குனில புதுப்புளி வர்றப்பவே வருஷத்துக்கு வாங்கி கொட்டை எடுத்து உப்புப் போட்டு பானையில அமுக்கி வச்சுருவோம், அதுல புளிரசம், வத்தக்குழம்பு, கத்திரிக்காய் மொச்சை கருவாட்டுக் குழம்புன்னு ஓடுச்சு. கருவாடு 50 ரூபாய்க்கு வாங்கினா ரெண்டு தடவைக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலைச் சாத்துவாங்க, சாத்திட்டுப் போகட்டும்.

கறி மாசத்துக்கு ஒரு ஞாயிறுதான். மத்த ஞாயிறு முட்டைக் குழம்பு, அவிச்சுப் போடாம கொதிக்கிற குழம்புல ஒவ்வொண்ணா உடைச்சு ஊத்தி கிண்டாம அப்படியே மூடி வச்சுருவேன், மசாலா உள்ள இறங்கி ஆளுக்கு ஒரு முட்டையே போதும்னு ஆயிரும்.

எதுல வேணா கையைச் சுருக்குவேன், தாளிப்புல சுருக்க மாட்டேன். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, நல்ல பெருங்காயம், மிளகு சீரகம், இதுக்கு மட்டும் கணக்கு பாக்குறதில்ல. மல்லியும் வத்தலும் வாங்கி வெயில்ல காய வச்சு மில்லுல குடுத்து அரைச்சுக்குறோம், காசு ரொம்ப மிச்சமாகுதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்தப் பொடில வெறும் முள்ளங்கி சாம்பார் கொதிச்சாக்கூட பையன் டியூஷன்ல இருந்து வந்து செருப்பு கழட்டுறதுக்குள்ள என்ன குழம்புன்னு சொல்லிருவான்.

அதனால சார், ஒரே ஒரு வேண்டுகோள். உழவர் சந்தை விலைப்பட்டியலை தினமும் உள்பக்கத்துல ஒரு மூலையில எறும்பு சைஸ் எழுத்துல போடுறீங்க. அதைக் கொஞ்சம் பெருசாக்கி சமையல் குறிப்பு பக்கத்துலயே போடுங்க. குறிப்பு எழுதுறவங்களும் அந்த வாரம் எந்தக் காய் மலிவோ அதை வச்சு எழுதட்டும், அஞ்சு பேருக்கு எவ்வளவு செலவாகும்னு கீழ ஒரு வரி போடட்டும். பனீரும் வரட்டும், வேணாம்னு சொல்லல, தீபாவளி மலர்ல போட்டுக்கலாம்.

அத்தை இன்னொண்ணும் எழுதச் சொன்னாங்க. ஃப்ரெஷ் க்ரீம்னா என்னன்னு கேட்டாங்க, பாலாடை மாதிரின்னு சொன்னேன், "அதை எடுத்துட்டா பிள்ளைக்கு காபிக்கு என்ன ஊத்துறது"ன்னாங்க.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு வாசகி